கழற்றினால் மாட்டாத பூ

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பூதான் சோறு போடுகிறது. என் தங்கை பள்ளிக்கூடத்தில் தாவரவியல் ஆசிரியை. நான் பிளாஸ்டிக் பூ வியாபாரி. "நாம ரெண்டு பேரும் ஒரே லைன்தானே" என்று நான் சொன்னால் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர், விழுந்து விழுந்து சிரிப்பார். தங்கை சிரிக்க மாட்டாள்.

என் கடை ஒரு சந்துக்குள், பூட்டு ரிப்பேர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஓட்டல் வரவேற்பறை, பல் டாக்டர் காத்திருப்பு அறை, போட்டோ ஸ்டுடியோ எல்லாவற்றுக்கும் என் சரக்குதான். சந்தில் எனக்கு 'வாடாப்பூ' என்று பெயர். கிண்டலுக்கு வைத்தார்கள், நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். இத்தனை வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையா, பெயர் இன்னும் நன்றாகப் பொருந்திப்போய்விட்டது.

பூ விற்பது ஏதோ சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சரக்கு வந்து இறங்கியதும் ஒவ்வொரு பூவாகச் சோதிக்க வேண்டும். பூவின் அடியில் ஒரு துளை இருக்கும், தண்டின் நுனியில் ஒரு முளை இருக்கும். இழுத்தால் 'டக்'கென்று கழன்று வரும், அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். கழற்றி மாட்டிப் பார்த்து, லூசாக இருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். இப்போதெல்லாம் பேசிக்கொண்டே செய்கிறேன், டீ குடித்துக்கொண்டே செய்கிறேன். கை தானாகச் செய்கிறது.

தங்கை தன்னுடைய ஆட்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது, "அண்ணன் அலங்காரத் துறையில இருக்கார்" என்பாள். ஒருமுறை "இன்டீரியர்" என்றுகூடச் சொன்னாள். அவள் புதுவீட்டுக்குக் குடிபோனபோது ஒரு பெரிய ஜாடி நிறைய லில்லி கொடுத்தேன், முதல் தரமான சரக்கு. அது பரணில் இருக்கிறது. நான் கேட்கவில்லை. அவளுக்கு என்னால் வெட்கம் என்பது எனக்கு எப்போதோ தெரியும். இரண்டு பேரும் அதைத் தாண்டித் தாண்டிப் பழகிவந்தோம், நடு அறையில் கிடக்கும் பெட்டியைச் சுற்றிப் போகிற மாதிரி.

என்னைப் பார்த்து வெட்கப்படாத ஒரே ஆள் அவள் மகள்தான். ஏழு வயது. நான் அவளை 'முதலாளி' என்று கூப்பிடுவேன், ஏனென்றால் சனிக்கிழமைகளில் கடைக்கு வந்தால் கல்லாவுக்குப் பின்னால் என் நாற்காலியில்தான் உட்காருவாள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. நான் கண்ணடித்தால் அவள் எனக்குத் தெரியாத ஆளாகிவிட வேண்டும். வெளியே போய், கைப்பையை மாட்டிக்கொண்டு உள்ளே வருவாள். "அங்கிள், இந்த ரோஜா என்ன விலை?" என்பாள். நான் சொல்வேன். "அநியாயமா இருக்கே அங்கிள், நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கையை விரிப்பாள். மற்ற நேரத்தில் நான் 'மாமா', 'நீ', 'வா', 'போ'. விளையாட்டில் மட்டும் 'அங்கிள்', 'நீங்க'. அந்தப் பாசாங்கு மரியாதையைக் கேட்க எனக்கு அவ்வளவு சிரிப்பாக இருக்கும்.

ஒரு பூத்தோட்டத்துக்கு என்னை அழைத்ததும் அவள்தான், தங்கை இல்லை. ஊருக்கு வெளியே ஓர் அம்மாள் பெரிய தோட்டம் வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாகப் போகலாம், வாளியும் கத்தரிக்கோலும் கொடுப்பார்கள், நாமே பூ வெட்டிக்கொண்டு வரலாம். தங்கைக்கு அதில் வேறொரு கணக்கு இருந்தது. வருஷா வருஷம் தன் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. அந்த அம்மாள் புதுப்புது ரகங்களைத் தானே உருவாக்குகிறவராம், பிள்ளைகள் கூட்டமாக வந்தால் மிதித்துவிடுவார்கள் என்று யாரையும் விடுவதில்லை. தங்கை பலமுறை போன் செய்து கெஞ்சியபிறகு, "முதல்ல நீங்க குடும்பத்தோட வந்து பாருங்க டீச்சர், பேசலாம்" என்று இறங்கிவந்திருந்தார். முதலாளி "மாமா வந்தாத்தான் நான் வருவேன்" என்று காலை உதைத்துக்கொண்டு அழுததில் நானும் காரில் ஏறினேன்.

வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. தங்கை முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணா, அங்க போய் விலை எல்லாம் கேட்டுட்டு நிக்காத."

"சரி."

"சத்தமா பேசாத. உன் கடை விசிட்டிங் கார்டு எடுத்துட்டு வந்திருக்கியா?"

நான் சட்டைப் பையைத் தடவினேன். "நாலே நாலு."

"கார்லயே வை. அப்புறம், எதையாவது பார்த்து நம்ம சரக்கு மாதிரியே இருக்குன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாத. அவங்க காதுல விழுந்தா என் மானம் போயிடும்."

"விடேன்மா, மச்சானுக்குத் தெரியாதா?" என்றார் மாப்பிள்ளை. அவர் யார் மனதையும் நோகடிக்காத மனிதர். அதனாலேயே யாருக்கும் உபயோகப்படாதவர். நான் கார்டுகளை எடுத்துக் கதவின் பக்கப் பையில் சொருகினேன். முதலாளி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தோட்டம் பெரியதுதான். வரிசை வரிசையாக, நிறம் நிறமாக, ஜனங்கள் வாளியோடு நடந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்தம்மாள் வாசலுக்கே வந்து தங்கையை வரவேற்றார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டி, முட்டிவரை பூட்ஸ் போட்டிருந்தார். தங்கை ஏதோ செடியின் பெயரை அதன் முழுப் பட்டத்தோடு சொல்ல, அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். நான் பின்னால் நின்றதால் என்னை யாரும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை காரை நிழலில் நிறுத்தப் போனார். நானும் முதலாளியும் ஒரு வாளியோடு கிளம்பினோம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அந்தப் பூக்கள் பிடிக்கவில்லை. ஓர் இலையில் ஓட்டை, ஓர் இதழில் புள்ளி, ஒரே செடியில் ஒன்று பெரியது ஒன்று சிறியது. இந்தச் சரக்கைக் கொண்டுபோய் இறக்கினால் ஓட்டல்காரன் என் மூஞ்சியிலேயே விட்டெறிவான். "ஃபினிஷிங் பத்தல முதலாளி" என்றேன் மெதுவாக. "பத்தல" என்று அவளும் தலையை ஆட்டினாள்.

தோட்டத்தின் கோடியில், கயிறு கட்டிய ஒரு பாத்தி இருந்தது. அதில் டேலியாச் செடிகள். ஒரு செடியில் மட்டும் தண்டில் சிவப்பு நாடா கட்டி, பூவின்மேல் வலைப்பை ஒன்றைப் போட்டிருந்தார்கள். வலைக்குள் தெரிந்த அந்த நிறத்தைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். அடியில் சுட்ட செங்கல் நிறம், மேலே வர வர வெளுத்து, நுனியில் பாலாடை நிறம். இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பெட்டி பிரித்திருக்கிறேன். அப்படி ஒரு நிறம் எந்தப் பெட்டியிலிருந்தும் வந்ததில்லை.

"மாமா, கயிறு இருக்கு" என்றாள் முதலாளி.

"நாம என்ன பறிக்கவா போறோம்? பார்க்கத்தானே."

"பார்க்கறதுன்னா இங்கேயே நின்னு பாரேன்."

கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த இதழ்கள் அடியில் எப்படிச் சேர்கின்றன என்று தெரிந்தாக வேண்டும். கயிற்றைத் தாண்டினேன், வலையைக் கழற்றினேன், பூவைத் திருப்பி அடியைப் பார்த்தேன். எவ்வளவு நேர்த்தி! இதழுக்கு இதழ் மடிப்பு, மடிப்புக்கு மடிப்பு கணக்கு. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை, கேடுகெட்ட கை, கடையில் செய்கிறதைச் செய்துவிட்டது.

'டக்.'

பூ என் வலது கையில் இருந்தது. தண்டு செடியில் இருந்தது. அடுத்து நான் செய்ததை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. நான் பதறவில்லை. நிதானமாகப் பூவைத் தண்டின்மேல் வைத்து அழுத்தினேன். உட்காரவில்லை. கொஞ்சம் திருகி அழுத்தினேன். முளை சரியில்லை என்று நினைத்துக் குனிந்து முளையைத் தேடினேன்.

"மாமா" என்றாள் முதலாளி, பயந்த குரலில். "இது நம்ம கடைப் பூ இல்ல. இது மாட்டாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் கை நிற்கவில்லை, இன்னும் ஒருமுறை அழுத்தியது. "அம்மாவைக் கூட்டிட்டு வரேன்" என்று அவள் ஓடிவிட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் பக்கத்து வரிசையில் களை எடுத்துக்கொண்டிருந்த தொப்பிக்காரப் பெண் நிமிர்ந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் பார்க்கிற பார்வை. பிறகு தோட்டம் முழுக்கக் கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டாள்.

"அம்மா! இங்க ஓடி வாங்க! ஒரு ஆளு சிவப்பு நாடா பூவைப் பிச்சுட்டு, மறுபடி ஒட்டவெச்சுட்டு இருக்காரு!"

வாளிக்காரர்கள் கூடிவிட்டார்கள். தோட்டத்தம்மாள் பூட்ஸ் தடதடக்க வந்தார். பின்னால் என் தங்கை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலாளி.

"என்னங்க பண்றீங்க?" என்றார் அம்மாள்.

"மாட்டறேன்."

"எதை?"

"பூவைத்தான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து பூவை வாங்கிப் பார்த்தார். "இந்த நிறத்துல இது ஒண்ணுதாங்க பூத்துச்சு" என்றார் பிறகு. "விதைக்கு விட்டிருந்தேன். உங்களுக்கு இதுல என்ன வேணும்னுதான் எனக்குப் புரியல."

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடியிருந்தால் மனிதன். எனக்குப் பதற்றம் வந்தால் பேச்சும் கூடவே வந்துவிடும். அசடு வழியச் சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

"அவ்வளவு தத்ரூபமா இருந்துச்சும்மா. அப்படியே நம்ம சரக்கு மாதிரியே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவர் போன் எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். நான் பூ இல்லாத அந்தத் தண்டை இன்னும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது? அவள் முகத்தில் ஈயாடவில்லை. தோட்டத்தம்மாள் என் பார்வை போன திசையைக் கவனித்துவிட்டார்.

"டீச்சர், இவரு உங்க கூட வந்தவரா?"

"இல்ல மேடம்" என்றாள் என் தங்கை.

யோசிக்கவே இல்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நியாயம்தானே என்று பட்டது. எனக்கே என்னைத் தெரியாது என்று சொல்லிவிட முடிந்தால் சொல்லியிருப்பேன். இப்படி ஒருவனோடு வந்தேன் என்று எவள்தான் சொல்வாள்? அப்படி நினைத்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

முதலாளி நிமிர்ந்து அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "மா..." என்ற எழுத்து வெளியே வந்துவிட்டது. தங்கையின் கை அவள் கையை இறுக்குவதைப் பார்த்தேன். குழந்தை மீதியையும் சொல்லிவிட்டால் தங்கை அத்தனை பேருக்கு முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவாள். பள்ளிக்கூட ஆசையும் போகும், மானமும் கப்பலேறும். நான் சட்டென்று முதலாளியைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு முகம் மாறியது. முதுகை நிமிர்த்தி, கழுத்தைச் சாய்த்து, கடையில் கைப்பையோடு வருகிற பெண்மணி ஆகிவிட்டாள்.

"அங்கிள், நீங்க யாரு?"

"நான் பூ பார்க்க வந்தேன் பாப்பா. தனியாத்தான் வந்தேன்" என்றேன்.

"கயிறு கட்டியிருந்தா தாண்டக் கூடாது அங்கிள். உங்களுக்கு அதுகூடத் தெரியாதா?"

"பாருங்க, குழந்தைக்குத் தெரியுது" என்றது கூட்டம். தோட்டத்தம்மாள் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். எவ்வளவு அழகாக நடிக்கிறாள் என்று எனக்குப் பெருமைகூட வந்தது, வெட்கங்கெட்டவன். அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க கிளம்பலாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் தண்டை விட்டேன், கயிற்றைத் தாண்டும்போது கால் சிக்கி ஒரு தடுமாற்றம் வேறு. அதற்கும் சிரித்தார்கள்.

வாசலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு மரத்தடி பெஞ்சு இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். காருக்குப் பக்கத்தில்கூட உட்கார முடியவில்லை, யாராவது பார்த்துவிட்டால்? சட்டையில் மகரந்தம் ஒட்டியிருந்தது. தட்டினேன், மஞ்சளாக இழுபட்டது. எங்கள் சரக்கில் இந்தத் தொல்லை கிடையாது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை ஒரு காகிதக் கோப்பையில் டீயோடு வந்தார். தங்கை அவரிடம் சொல்லியிருந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, பெஞ்சுக்கு அப்பால் போன் பேசுவதுபோல் நின்றுகொண்டார். கோப்பையை மட்டும் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார்.

"அவ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மச்சான்" என்றார் போனைக் காதில் வைத்துக்கொண்டே.

"எப்படிச் சொன்னா? தெரியாதவனைத் தெரியாதுன்னு சொன்னா."

"கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா இப்பதான் சரின்னு சொல்லியிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமாம். எங்களுக்கு உள்ள சாப்பாடு வேற போடறாங்க, தட்ட முடியல."

"சாப்பிடுங்க. எனக்கு டீ போதும்."

அவர் போன பிறகு டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வெயில் சாயும் நேரத்தில் போன் அடித்தது. மாப்பிள்ளை. "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மா கார் வரைக்கும் வழியனுப்ப வராங்க போல. நீங்க அப்படியே ரோட்டுல இறங்கி, அந்த வளைவு வரைக்கும் நடந்துட்டீங்கன்னா, நாங்க வந்து ஏத்திக்கறோம்."

எழுந்தேன். நான் ரோட்டை அடைவதற்குள் அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தங்கையின் கையில் வாளி நிறையப் பூ. தோட்டத்தம்மாள் இன்னும் ஒரு கொத்தை அதில் திணித்துக்கொண்டிருந்தார். தங்கை என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் வாளிக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். முதலாளி மட்டும் கையைத் தூக்கிப் பலமாக ஆட்டினாள்.

"பை அங்கிள்! பத்திரமா போங்க!"

விளையாட்டை அவள் விடவே இல்லை. ஒரு பிசிறு இல்லை அந்தக் குரலில். அவளுக்கு என்னை நிஜமாகவே தெரியாது என்றால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. "தெரியாதவங்க கிட்ட எல்லாம் பேசக் கூடாது கண்ணு" என்று தோட்டத்தம்மாள் சொல்வது என் முதுகில் விழுந்தது. தங்கை அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நான் நடந்தேன். வளைவு கிட்டத்தில் இருப்பதுபோல் தெரிந்தது, நடக்க நடக்கத் தள்ளிப்போனது. கண்ணில் நீர் வந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது. இந்த வயதில் நடுரோட்டில் அழுதுகொண்டு போகிறவனைப் பார்த்தால் யார்தான் தெரிந்தவன் என்று சொல்வார்கள்?

கார் வந்து நின்றது. பின்சீட்டில் ஏறினேன். எனக்கும் முதலாளிக்கும் நடுவில் பூ வாளி. முன்னால் இருவரும் நேரே ரோட்டைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ரேடியோவைப் போட்டார், அது கரகரத்தது, அணைத்தார்.

"அங்கிள், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று முதலாளி பாட்டிலை நீட்டினாள்.

"போதும் முதலாளி. ஆட்டம் முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?" அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "உங்க ஆட்டம் முடிஞ்சுது. அம்மா ஆட்டம்?"

"அம்மாவுக்கு என்ன ஆட்டம்?"

"நீங்க கண்ணடிக்கறதுக்கு முன்னாடியே அம்மா இல்லைன்னு சொல்லிட்டாங்களே. அம்மாவை யாரு ஆடச் சொன்னது?"

முன்சீட்டில் தங்கையின் கழுத்து விறைத்தது. நான் அவசரமாகப் பொய் சொன்னேன். பொய் சொல்வதில் அன்றைக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

"நான்தான் சொன்னேன். காலையிலயே அம்மா காதுல சொல்லி வெச்சேன்."

"அப்படியா?" அவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி மாமா."

'மாமா' வந்துவிட்டது. போதும், வீடு போய்ச் சேர்ந்தால் சரி என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

"இல்ல" என்றாள் தங்கை.

திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "மாமா ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

"விடு, குழந்தைகிட்ட போய்" என்றேன்.

"ஏம்மா?" என்றாள் முதலாளி.

மாப்பிள்ளை வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பிவிட்டு முந்திக்கொண்டு போனது.

"வெட்கமா இருந்துச்சு" என்றாள் தங்கை. "எல்லாரும் சிரிச்சாங்க. என் அண்ணன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

இத்தனை காலமும் நாங்கள் சுற்றிச் சுற்றி நடந்த பெட்டியை அவள் திறந்தேவிட்டாள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் அவள் குரல் உடைந்திருந்தது. அவளுக்கு என்னால் வெட்கம், எனக்கும் என்னால் வெட்கம், இதில் சண்டை போட என்ன இருக்கிறது? மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

முதலாளி வாளியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு தெம்பு இருந்தது, சொல்லிவிடுகிறேன். இவள் ஒருத்தி இருக்கிறாள், இவளுக்கு அந்த எண்ணமே கிடையாது, அது போதும் என்று மனதுக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும்தான்" என்றாள் அவள்.

"என்னது?"

"எனக்கும் கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு மாமா." இலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "நீ அதை மாட்டிட்டே இருந்தியா, எல்லாரும் சிரிச்சாங்களா, அப்ப. ஆனா நான் மாமான்னுதான் சொல்ல வந்தேன். நீதான் கண்ணடிச்சே."

முன்னால் தங்கை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கோபித்துக்கொள்வேனோ என்று.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு நூல் இடைவெளி விட்டுக் காட்டினாள்.

"அவ்வளவுதானா?"

அவள் யோசித்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, விரல்களை இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.